தடைதாண்டும் பந்தயக் குதிரையில் பங்கு வாங்குவது: அனுபவமுள்ளவர்களின் கருத்து வேண்டும்

செவர்ன்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயர் பகுதியில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்கள் சிலர் சேர்ந்து தடைதாண்டும் பந்தயக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அதில் இருபதில் ஒரு பங்கை எனக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். குதிரைக்கு வயது நான்கு, அயர்லாந்தில் பிறந்தது, காயடிக்கப்பட்டது, இதுவரை எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. சென்னையில் வளர்ந்தவன் என்பதால் கிண்டியில் நடந்த சமதளப் பந்தயங்களை மட்டுமே அறிந்திருந்தேன். வேலிகளைத் தாண்டி மூன்று மைல் ஓடும் இந்த வகையை இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன். பார்த்த நாள் முதல் மனம் அதிலேயே இருக்கிறது. பணம் கட்டிச் சூதாடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு குதிரைக்கு உரிமையாளராக இருப்பதில் உள்ள மகிழ்ச்சி என்ன, துயரம் என்ன, செலவு எவ்வளவு, எதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்கர்

வணக்கம் செவர்ன்கரை. முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அது தெளிவானால் மற்றவை எளிதாகும்.

பிரிட்டனில் ஒரு தடைதாண்டும் குதிரையைப் பயிற்சி லாயத்தில் வைத்திருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 70 பவுண்டு வரை கேட்கிறார்கள். அதன்மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி உண்டு. லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் கட்டணம், களத்துக்கு ஏற்றிச் செல்லும் வண்டிச் செலவு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஜாக்கிக்குத் தரவேண்டிய 200 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை ஆகியவை தனி. கோடையில் குதிரை புல்வெளியில் விடப்படும் மாதங்களில் செலவு குறையும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்குக் குறையாது. பெரிய லாயங்களில் 30,000ஐத் தாண்டிவிடும். உங்கள் இருபதில் ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 1,250 முதல் 1,500 பவுண்டு வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரவு எவ்வளவு என்று கேட்டால், உரிமையாளர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு பார்க்கும்போது, செலவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரைதான் பரிசுப் பணமாகத் திரும்புகிறது. அந்தப் பணமும் உச்சியில் உள்ள சில பந்தயங்களில் குவிந்துகிடக்கிறது. ஏய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனலின் மொத்தப் பரிசு 10 லட்சம் பவுண்டு. செல்டன்ஹாம் கோல்டு கப்பின் பரிசு 6,25,000 பவுண்டு. லட்லோ, பிளம்ப்டன் போன்ற சிறிய களங்களில் வார நாளில் நடக்கும் சாதாரணப் பந்தயத்தில் வென்றால் நாலாயிரம், ஐந்தாயிரம் பவுண்டு அளவில் கிடைக்கும். அதிலிருந்து பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் லாய ஊழியர்களுக்கும் உரிய பங்கு போக மீதியை இருபதாகப் பிரிக்க வேண்டும். ஆகவே இதை முதலீடு என்ற பெயரில் யார் உங்களிடம் சொன்னாலும் அவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

இன்னொன்று: உரிமையாளர்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறும் ஏற்பாடு 1993ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. உங்கள் நண்பர்களின் கூட்டு அதில் பதிவு செய்துகொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு செய்திருந்தால் மாதத் தொகையில் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

குளம்பொலி

கணக்கர் சொன்ன தொகைகள் சரியானவை. ஆயினும் சமதளப் பந்தயத்திலிருந்து இந்த உலகம் எந்த இடத்தில் பிரிகிறது என்பதைச் சொல்லாமல் அந்தத் தொகைகளை மட்டும் பார்த்தால் பொருள் விளங்காது என்று எண்ணுகிறேன். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு சிறிய லாயத்தில் பல ஆண்டுகளாக நானும் என் கணவரும் வேறு சிலரோடு சேர்ந்து குதிரை வைத்திருக்கிறோம். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

சமதளத்தில் ஓடும் ஆண் குதிரை பெரிய பந்தயத்தில் வென்றுவிட்டால் பொலிகுதிரையாகப் பண்ணைக்குச் சென்று, ஓடிச் சம்பாதித்ததைப்போலப் பல மடங்கு சம்பாதிக்கும். கோடீஸ்வரர்கள் இரண்டு வயதுக் குட்டிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொட்டுவது அந்த நம்பிக்கையில்தான். தடைதாண்டும் ஆண் குதிரைகள் அனேகமாக எல்லாமே காயடிக்கப்பட்டவை. கோல்டு கப்பையே வென்றாலும் அவற்றுக்கு ஓடுகளத்துக்கு வெளியே சந்தை மதிப்பு எதுவும் கிடையாது. ஓட முடியாத நாளில் உங்கள் கையில் மிஞ்சுவது அந்தக் குதிரை மட்டுமே. அதற்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது இருக்கும், இன்னும் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடும். இந்த விளையாட்டின் நல்லதும் கெட்டதும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை. விற்றுப் பணமாக்கும் அவசரம் இல்லாததால்தான் நான்கு வயதில் தொடங்கிப் பத்து வயது வரையிலும்கூட ஒரே குதிரையை ஒரே வண்ண உடையில் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. மக்கள் அதன் பெயரைச் சொந்தப் பிள்ளையின் பெயரைப்போல அழைக்கிறார்கள். அதே காரணத்தால் செலவு செய்தவருக்கு ஆறுதலாக ஒரு காசும் திரும்புவதில்லை.

அடுத்தது காலம். உங்கள் நான்கு வயதுக் குதிரை இந்த ஆண்டே வேலி தாண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தடைகள் எதுவும் இல்லாத, பம்பர் என்று இங்கே அழைக்கப்படும் தொடக்கநிலைப் பந்தயங்களில் ஓரிரு முறை ஓடவிடுவார்கள். பிறகு ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுள்ள, சாய்ந்து கொடுக்கும் ஹர்டில் தடைகள். அதற்கும் பிறகுதான், எலும்பும் தசையும் முதிர்ந்தபின், குறைந்தது நான்கரை அடி உயரமுள்ள பெரிய வேலிகள். இரண்டு மைல் தூரத்துக்கு அத்தகைய வேலிகள் குறைந்தது பன்னிரண்டு இருக்கும். அதன் உச்சம் ஏழு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் வரலாம், வராமலும் போகலாம். மூன்று ஓட்டங்கள் முடிந்தால் ஹேண்டிகேப் அதிகாரி ஒரு மதிப்பெண் தருவார். அதன்படிதான் முதுகில் ஏற்றும் எடை அமையும் என்பதால், வெற்றி பெற்ற மகிழ்ச்சி அடங்குவதற்குள் அடுத்த ஓட்டத்துக்கான சுமை கூடிவிடும்.

தரையின் ஈரம் இன்னொரு கவலை. சில குதிரைகள் சேற்றில் மட்டுமே ஓடும், சில கெட்டித் தரையை மட்டுமே விரும்பும். எங்கள் பழுப்புக் குதிரைக்கு இளகிய தரை பிடிக்காது; குளிர்காலமெல்லாம் வானிலை அறிக்கையைப் பார்ப்பதும், பெயர் கொடுத்த பந்தயத்திலிருந்து காலையில் விலகிக்கொள்வதுமாகவே கழிந்த பருவம் ஒன்று உண்டு. உறைபனியால் பந்தய நாளே கைவிடப்படும் வாரங்களும் வரும். உரிமையாளரின் வாழ்க்கையில் ஓடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் மிக மிக அதிகம். அந்தக் காத்திருப்பையே விரும்பக் கற்றவர்கள்தான் நீடிக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆறு நிமிடங்களை என்னவென்று சொல்வது! அணிவகுப்பு வளையத்தில் பயிற்சியாளரின் பக்கத்தில் நின்று, நீங்கள் பதிவு செய்த வண்ணங்களை அணிந்து வரும் ஜாக்கி தொப்பியைத் தொட்டு வணங்கும்போது உள்ளுக்குள் எழும் நடுக்கம் வேறெங்கும் கிடைக்காது. கடைசி வேலியைத் தாண்டி எங்கள் குதிரை கால்களைப் பத்திரமாகத் தரையில் ஊன்றியது என்று கண்ட நொடியில் அது முதலாவதாக வருகிறதா நான்காவதாக வருகிறதா என்பதே எனக்கு மறந்துபோகும்.

கில்டேர்க்காரன்

குளம்பொலி அக்கா எழுதியதை ஒவ்வொரு வரியாக ஆமோதிக்கிறேன். நான் அயர்லாந்தில் ஒரு லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன். உரிமையாளர் எத்தனை பெரியவர் என்பதற்கும் அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பில்லாத விளையாட்டு இது என்பதற்குச் சில சான்றுகளைச் சொல்கிறேன்.

1990ஆம் ஆண்டு கோல்டு கப்பை வென்ற நார்டன்ஸ் காயின் என்ற குதிரையின் உரிமையாளரும் பயிற்சியாளரும் ஒருவரே: மேற்கு வேல்ஸில் பால்பண்ணை வைத்திருந்த சிரல் கிரிஃபித்ஸ். அன்று காலை மாடுகளைக் கறந்துவிட்டுத்தான் செல்டன்ஹாமுக்குப் புறப்பட்டார். ஒன்றுக்கு நூறு என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிவைத்த அக்குதிரை, நாடே கொண்டாடிய டெஸர்ட் ஆர்க்கிடை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. ரெட் ரம் என்ற குதிரையை 1972இல் 6,000 கினிக்கு (கினி என்பது பவுண்டை ஒட்டிய பழைய பணக்கணக்கு) வாங்கியபோது அதன் உரிமையாளர் நோயல் லெ மேர் எண்பது வயதைத் தாண்டியவர். கால் எலும்பில் நோய் இருந்த அக்குதிரையைப் பயிற்சியாளர் ஜிஞ்சர் மக்கெய்ன் சவுத்போர்ட் கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் ஓடவிட்டுத் தேற்றினார். 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் அது கிராண்ட் நேஷனலை வென்றது, இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாவதாக வந்தது.

செவர்ன்கரை அவர்கள் கேட்கும் பங்குமுறைக்கு நேரான எடுத்துக்காட்டு ட்ரீம் அலையன்ஸ். தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட ஒரு சிற்றூரில், ஜேன் வோக்ஸ் என்ற பெண்மணி தொடங்கிய கூட்டு அது. ஊர்க்காரர்கள் ஆளுக்கு வாரம் பத்து பவுண்டு போட்டார்கள். தோட்டத் துண்டு நிலத்தில் வளர்ந்த அக்குதிரையின் கால் தசைநாண் 2008இல் ஏய்ன்ட்ரீயில் சிதைந்தது. பலர் அந்த இடத்திலேயே கதையை முடித்திருப்பார்கள். அவர்கள் அது வென்ற பணத்தைச் செலவிட்டு ஸ்டெம் செல் சிகிச்சை செய்தார்கள். 2009 டிசம்பரில் செப்ஸ்டோவில் வேல்ஷ் நேஷனலை அது வென்றது.

நெய்தல்

நீங்கள் எல்லோரும் வென்றவர்களின் கதைகளைச் சொல்கிறீர்கள். எனக்குக் குதிரைகள் மீது அன்பு உண்டு, அதனால்தான் இந்தப் பந்தயத்தை என்னால் பார்க்க முடிவதில்லை. பிரிட்டனில் தடைதாண்டும் பந்தயங்களில் 1,000 குதிரைகள் ஓடினால் ஏறத்தாழ நான்கு உயிரிழக்கின்றன. ஓர் ஓட்டத்துக்கு அது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரே குதிரை பல ஆண்டுகளில் முப்பது, நாற்பது முறை ஓடுகிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

பெஸ்ட் மேட் என்ற குதிரை 2002 முதல் 2004 வரை தொடர்ந்து மூன்று கோல்டு கப்புகளை வென்றது. உரிமையாளர் ஜிம் லூயிஸ் தாம் நேசித்த ஆஸ்டன் வில்லா கால்பந்து அணியின் வண்ணங்களையே அதன் ஜாக்கிக்கு உடுத்தினார். 2005 நவம்பர் முதல் நாளன்று எக்ஸெட்டரில் இதயம் நின்று அது சரிந்து விழுந்து இறந்தது. ஜே.பி. மக்மேனஸ் என்ற உரிமையாளரின் சிங்க்ரனைஸ்டு 2012 மார்ச்சில் கோல்டு கப்பை வென்றது, அடுத்த மாதமே கிராண்ட் நேஷனலில் உயிரிழந்தது. 2015இல் கிராண்ட் நேஷனலை வென்ற மெனி க்ளவுட்ஸ், 2017 ஜனவரியில் செல்டன்ஹாமில் திசில்க்ராக் என்ற வலிய குதிரையைக் கடைசி அடியில் முந்தி வென்ற சில நிமிடங்களில் நுரையீரல் இரத்தக்கசிவால் விழுந்து இறந்தது. வெற்றிக்குக் கைதட்டிய கைகள் கீழே இறங்குவதற்குள் திரைகளைக் கொண்டுவந்து மறைத்தார்கள். தன்னால் மறுக்க முடியாத ஓர் உயிரை இத்தகைய ஆபத்துக்குள் அனுப்புவதற்குப் பணம் தருபவர் உரிமையாளர்தான். இதை உங்களுக்கு நீங்களே எப்படி நியாயப்படுத்திக்கொள்கிறீர்கள் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

குளம்பொலி

நெய்தல், உங்கள் கேள்வி நேர்மையானது. ஒவ்வோர் உரிமையாளரும் பங்கு வாங்குவதற்கு முன்னால் எதிர்கொள்ள வேண்டியது. ஆகையால் சுற்றிவளைக்காமல் பதில் எழுத முயல்கிறேன்.

ஆபத்து இருக்கிறது, அதை முற்றிலும் நீக்க முடியாது. குறைக்க முடியும், குறைத்தும் வருகிறார்கள். 2012ஆம் ஆண்டு நிகழ்ந்த இறப்புகளுக்குப் பிறகு ஏய்ன்ட்ரீ வேலிகளுக்குள் இருந்த கெட்டியான மரச்சட்டங்களை எடுத்துவிட்டு வளைந்துகொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2024 முதல் கிராண்ட் நேஷனலில் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். முதல் வேலியைத் தொடக்கக் கோட்டுக்கு அருகே கொண்டுவந்தார்கள், குதிரைகள் மிகுந்த வேகத்தில் அங்கே போய் மோதாமல் இருப்பதற்காக. எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைகளின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் பச்சையிலிருந்து சரியாகப் பிரிந்து தெரிவதில்லை என்று காட்டியபின், நாடு முழுதும் தடைகளில் ஆரஞ்சுக்குப் பதிலாக வெள்ளை பூசத் தொடங்கினார்கள். இவை அனைத்தும் உங்களைப்போன்றவர்கள் கேள்வி கேட்டதால் நடந்தவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உரிமையாளர் கையில் இருக்கும் முடிவுகளைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். எந்தப் பந்தயத்தில் ஓடுவது, எந்தத் தரையில் ஓடக்கூடாது, எப்போது நிறுத்துவது என்பவற்றில் இறுதிச் சொல் பணம் தருபவருடையது. பயிற்சியாளர் ஆலோசனை சொல்வார். 2025ஆம் ஆண்டு, ஹர்டில் தடைப் பந்தயங்களில் முதன்மையான சாம்பியன் ஹர்டிலில் ஓடிய கோல்டன் ஏஸ் என்ற பெட்டைக் குதிரையைப் பயிற்சியாளர் எளிதான வேறொரு பந்தயத்துக்கு அனுப்ப நினைத்திருந்தார். உரிமையாளர் இயன் காஸ்டன் சாம்பியன் ஹர்டிலையே விரும்பினார். வெல்லும் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்த கான்ஸ்டிட்யூஷன் ஹில் இடையில் விழுந்தது, தனித்து வந்துகொண்டிருந்த ஸ்டேட் மேன் கடைசித் தடையில் விழுந்தது, கோல்டன் ஏஸ் வென்றது. உரிமையாளரின் விருப்பம் நல்லதாக முடிந்த நிகழ்ச்சி இது. அதே அதிகாரம், ஓய்வு பெற வேண்டிய குதிரையை இன்னொரு பருவத்துக்கு இழுத்துச் செல்லவும் போதுமானது. அப்படி நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பழுப்புக் குதிரையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கு எட்டு வயதானபோது ஒரு நாள் காலையில் அதன் இடது முன்காலில் சூடு இருப்பதாக லாயத்துப் பெண் கண்டுபிடித்தாள். காலின் பின்புறம் இறங்கும் தசைநாணில் ஒரு பகுதி நைந்திருப்பதை அல்ட்ராசவுண்டு காட்டியது. ஓராண்டுக்கும் மேல் ஓய்வு தேவை என்றார் மருத்துவர். ஆறிய பிறகும் அந்த இடத்தில் தழும்புத் திசுதான் இருக்கும், பழைய நெகிழ்ச்சி வராது, மீண்டும் கிழியக்கூடும் என்றும் சொன்னார். எங்கள் கூட்டில் இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தோம். ட்ரீம் அலையன்ஸைப் பாருங்கள், திரும்பி வந்து வென்றதே என்றார்கள் சிலர். நானும் வேறு சிலரும் போதும் என்றோம். ஓட்டெடுப்பு எங்கள் பக்கம் முடிந்தது. இன்று அது ஒரு சிறுமி ஏறிப் பழகும் குதிரையாக இருக்கிறது. பங்குதாரர்களில் இருவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. இந்த வகைத் துயரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

நியாயப்படுத்துவதைப் பற்றி: இந்தக் குதிரைகள் இந்தப் பந்தயம் இருப்பதால் பிறக்கின்றன, வாழ்நாளில் பெரும்பகுதியை மிகுந்த கவனிப்போடு கழிக்கின்றன. அது ஆபத்துக்கு ஈடாகுமா என்பதில் உங்கள் விடையும் என் விடையும் வேறாக இருக்கலாம். ஓடி முடித்த பிறகும் அக்குதிரையின் பொறுப்பை ஏற்கத் தயாராக இல்லாதவருக்கு உரிமையாளராகும் தகுதி இல்லை என்பதில் எனக்கு ஐயமே கிடையாது.

கில்டேர்க்காரன்

நெய்தல் அவர்களுக்கு ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். குதிரை இறக்கும் நாளில் உரிமையாளர் களத்தில் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிறார். பராமரித்தவர் வெற்று வண்டியில் லாயத்துக்குத் திரும்பி, மறுநாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு அந்தக் காலி அறையைக் கடந்து அடுத்த குதிரைக்குத் தீனி வைக்கிறார். உரிமையாளர் ஒருவர் நல்லவரா என்பதை நாங்கள் அத்தகைய வாரங்களில் அறிந்துகொள்வோம். மறுநாள் தொலைபேசியில் அழைத்து, குதிரையைப் பார்த்துக்கொண்டவரிடம் இரண்டு சொல் பேசியவர்களை நான் மறக்கவில்லை. அழைக்காதவர்களையும் மறக்கவில்லை.

நெய்தல்

அக்கா, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. என் கருத்து மாறவில்லை, பந்தயங்களைப் பார்க்கவும் போவதில்லை. ஆனால் ஓடி முடித்த பிறகு என்ன ஆகிறது என்ற இடத்தில் நாம் இருவரும் சேர்ந்து நிற்கிறோம் என்று தெரிகிறது. செவர்ன்கரை அவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது தம் நண்பர்களிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: இக்குதிரை ஓய்வு பெற்றதும் யார் பொறுப்பு, அதற்கான பணம் எங்கிருந்து வரும்?

பனிமூட்டம்

இடையில் ஒரு கேள்வி. இணையத்தில் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கும் குறைவாகப் பங்கு என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுவும் செவர்ன்கரை சொல்லும் கூட்டும் ஒன்றுதானா?

கணக்கர்

ஒன்றல்ல, பனிமூட்டம். இங்கே மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, நண்பர்கள் சேர்ந்து குதிரையை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு. இதில் குதிரையின் ஒரு பகுதி உண்மையிலேயே உங்களுடையது, இழப்பும் உங்களுடையது. இரண்டாவது, தொழில்முறையாக நடத்தப்படும் சிண்டிகேட். ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் மேலாண்மை செய்யும், அதற்கான கட்டணம் மாதத் தொகையில் அடங்கியிருக்கும். மூன்றாவது, பந்தயச் சங்கம். சந்தா கட்டுபவர் உறுப்பினர் மட்டுமே, குதிரையில் அவருக்கு எந்த உடைமையும் இல்லை, குதிரை பெரும்பாலும் சங்கத்துடையதாக இருக்கும் அல்லது வாடகைக்கு எடுக்கப்பட்டதாக இருக்கும். குறைந்த தொகை விளம்பரங்கள் பல இந்த மூன்றாவது வகையையோ, ஆயிரக்கணக்கில் துண்டாக்கப்பட்ட பங்குகளையோ சேர்ந்தவை. லாயத்துக்குச் சென்று பார்ப்பதும், செய்திக் கடிதம் படிப்பதும், குதிரை ஓடும் நாளில் ஒரு மகிழ்ச்சியும் போதும் என்பவருக்கு அது நல்ல வழி. அணிவகுப்பு வளையத்துக்குள் நிற்கலாம் என்று எண்ணிச் சேர்ந்தால் ஏமாற்றமாக முடியலாம். ஒரு பந்தயத்துக்குத் தரப்படும் உரிமையாளர் அனுமதிச் சீட்டுகள் குறைவு, அவற்றைக் குலுக்கல் முறையில்தான் பிரித்துக் கொடுப்பார்கள்.

செவர்ன்கரை அவர்களின் கூட்டு முதல் வகையைச் சேர்ந்தது என்று தெரிகிறது. நண்பர்களுக்குள் என்றாலும் எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். மாதத் தொகையைத் தாண்டி வரும் அறுவைசிகிச்சை போன்ற செலவுகளுக்கு யார் எவ்வளவு தருவது, ஒருவர் விலக விரும்பினால் அவருடைய பங்கு என்ன ஆகும், அவர் விலகும் வரையிலான கட்டணத்தை யார் ஏற்பது, விற்பதா வேண்டாமா என்பதை எத்தனை பேரின் சம்மதத்தோடு முடிவு செய்வது ஆகியவை அதில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கூட்டில் இருவர் வேலை இழந்து பணம் கட்டுவதை நிறுத்த, மீதிப் பேர் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் நல்ல குதிரையைப் பருவத்தின் நடுவில் மிகக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. காப்பீட்டைப் பற்றியும் கேளுங்கள். தடைதாண்டும் குதிரைகளுக்குக் காப்பீட்டுக் கட்டணம் அதிகம் என்பதால் பல உரிமையாளர்கள் எடுப்பதே இல்லை.

குளம்பொலி

கணக்கர் சொன்னதோடு பயிற்சியாளருடனான உறவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை உயர்த்துவது பற்றிய கருத்து வேறுபாட்டில் 2016ஆம் ஆண்டு மைக்கேல் ஓ’லியரியின் கிகின்ஸ்டவுன் என்ற குதிரை உரிமை நிறுவனம் தன் 60 குதிரைகளைப் பயிற்சியாளர் வில்லி மலின்ஸின் லாயத்திலிருந்து ஒரே நேரத்தில் விலக்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் சிறிய கூட்டுகளில் மனத்தாங்கல் வருவது இயல்பே. எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தி சொல்வார், நல்லதல்லாத செய்தியை யார் வாயால் சொல்வார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். குதிரை மெதுவாக ஓடுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் பயிற்சியாளர் உங்கள் பணத்தைக் காப்பாற்றுபவர்.

அதே வில்லி மலின்ஸ் 2025 கிராண்ட் நேஷனல் முடிந்ததும் கண்ணீர் விட்டு அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வென்ற நிக் ராக்கெட்டை ஓட்டியவர் அவருடைய மகன் பேட்ரிக். அக்குதிரையை வாங்கியவர் சேடி ஆண்ட்ரூ என்ற பெண்மணி. அது முதன்முதலாக ஓடியதைப் பார்த்த சில நாட்களில், 2022 டிசம்பரில், புற்றுநோயால் காலமானார். கணவர் ஸ்டூவர்ட் அவர் நினைவாகக் குதிரையைத் தொடர்ந்து வைத்திருந்தார். வெற்றி பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு அக்குதிரை எதுவாக இருந்திருக்கும் என்பதைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

செவர்ன்கரை

அனைவருக்கும் என் நன்றி. நெய்தல் அவர்களுக்குத் தனியாக நன்றி. அவருடைய கேள்வி இல்லாமல் நான் நண்பர்களைச் சந்தித்திருந்தால் வண்ணங்களையும் பந்தயக் களங்களையும் பற்றி மட்டுமே பேசிவிட்டு வந்திருப்பேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை லாயத்துக்குப் போய்க் குதிரையைப் பார்த்தேன், ஒப்பந்த வரைவையும் படித்தேன். மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். விலகுபவர் மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், அதுவரை கட்டணம் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. விற்பதற்கு மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் வேண்டும். ஓய்வுக்குப் பிறகான ஏற்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது, அந்தக் காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொருவரும் மாதந்தோறும் பத்து பவுண்டு கூடுதலாகக் கட்டி அதைத் தனிக் கணக்கில் வைக்கலாம், அது குதிரையின் ஓய்வுக்கும் மறுபயிற்சிக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதிப் பேர் உடனே சம்மதித்தார்கள். மற்றவர்கள் அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிரிவு சேர்ந்தால் கையெழுத்திடுவேன், சேராவிட்டால் விலகிக்கொள்வேன் என்றும் தெரிவித்துவிட்டேன். ஆண்டுக்கு 1,500 பவுண்டை இழக்க என் குடும்பத்தால் முடியும். மனைவியோடு உட்கார்ந்து அதையும் கணக்குப் பார்த்துவிட்டோம்.

கில்டேர்க்காரன்

சரியான நிபந்தனை. அதே கூட்டத்தில் இன்னும் இரண்டைக் கேட்டுவிடுங்கள். 2022 ஜனவரி முதல் பிரிட்டனில் ஓடும் ஒவ்வொரு குதிரையும் மனித உணவுக்குரியதல்ல என்று அதன் அடையாள ஏடான கடவுச்சீட்டில் கையெழுத்திடப்பட்டிருக்க வேண்டும். உங்கள் குதிரையின் ஏட்டில் அந்தப் பக்கம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளை வேறு பணிகளுக்குப் பழக்குவதற்கென 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ரீட்ரெய்னிங் ஆஃப் ரேஸ்ஹார்சஸ்’ என்ற அறக்கட்டளையின் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், பத்து ஆண்டு கழித்து இந்த நண்பர்கள் எந்த ஊரில் இருந்தாலும் யாரை அழைக்க வேண்டும் என்ற குழப்பம் இருக்காது. அடுத்த முறை லாயத்துக்குப் போகும்போது பயிற்சியாளரோடு பேசுவதற்கு முன் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலில் சூடு இருக்கிறதா என்று தினமும் காலையில் தடவிப் பார்ப்பவர் அவர்தான்.